கல்லுக்குழியில் நிற்கும் தண்ணீர்: மூடிப்போன குவாரியை ஓர் ஊர் எடுத்து நடத்திய கதை

மாதத்துக்கு ஒருவராவது போன் போட்டு, "எங்க ஊர்லயும் குவாரி மூடிட்டாங்க, தண்ணி நிக்குது, மீன் விடலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் சொல்வதை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நான் நிலம் அளக்கிறவன். பக்கத்து ஊர்க்காரன். ஆரம்பத்தில் குழியை அளந்து தரத்தான் போனேன், அப்புறம் விட்டுவர மனசில்லாமல் கூடவே இருந்துவிட்டேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் போட வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

பின்னணி

திருப்பூர் மாவட்டத்தில் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட வறண்ட காடு. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை வந்தால் நல்ல வருடம் என்போம். பாதி நிலம் கொரங்காடு, அதாவது மேய்ச்சலுக்கு விட்ட நிலம். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மேய்ந்துகொண்டிருக்கும் மாடும் செம்மறியும். மீதியில் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பித் தென்னை.

குவாரி இருந்தது ஒரு வயதான அம்மாவின் 5 ஏக்கர் பட்டா நிலத்தில். ஊரே அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடும். மண்ணுக்கு அடியில் முழங்கால் ஆழத்திலேயே பாறை, சோளம்கூட ஒழுங்காக வராத காடு. அதனால் கல் எடுக்கக் குத்தகைக்குக் கேட்டபோது அவருடைய வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது. ஊரில் முப்பது நாற்பது பேருக்கு அதில்தான் கூலி. மத்தியானம் ஒரு மணிக்கு வெடி வைத்தால் சுவரில் மாட்டின போட்டோ ஆடும், அதற்கும் பழகிவிட்டார்கள். கடைசி இரண்டு வருடத்தில் பாறை இடுக்கிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வர ஆரம்பித்தது. மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே கல் எடுத்தார்கள். குத்தகை முடிந்ததும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல் உடைக்கும் கிரஷரும் வேறு ஊருக்குப் போனது, கூலிக்காரர்கள் பாதிப்பேர் காங்கயத்து அரிசி மில்லுக்கும் எண்ணெய் மில்லுக்கும் போனார்கள்.

குழியைக் கைவிடும் முன் சுற்றி உறுதியான வேலி போட வேண்டும், பக்கச் சுவர்களைப் படிபடியாக விட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் சட்டத்தில் உண்டு. இங்கே நாலு கல்தூணும் துருப்பிடித்த ரெண்டு வரிசைக் கம்பியும் இருந்தன. மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர். நாலாவது பக்கம் டிப்பர் இறங்கின சரிவுப் பாதை.

மூடிய பிறகு நாங்கள் பார்த்தது

முதல் இரண்டு மழைக்காலத்தில் குழி பாதி நிறைந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அடுத்த கோடையில் ஆயிரம் அடி போரிலும் காற்றுத்தான் வந்தது. தென்னைமரங்கள் தலை கருகி நின்றன. அந்த வருடம் சுற்று வட்டாரத்திலேயே தண்ணீர் நின்ற இடம் இந்தக் குழி ஒன்றுதான். ராத்திரியில் டேங்கர் லாரிகள் வந்து உறிஞ்சிக்கொண்டு போயின. அப்போதுதான் ஊர் முதல்முறையாக இதைக் குழியாகப் பார்க்காமல் தண்ணீராகப் பார்த்தது.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து நூல் மில்லில் வேலை பார்க்க வடக்கேயிருந்து வந்த குடும்பத்தின் பையன், 15 வயது, கூட்டாளிகளோடு குளிக்க வந்தவன், சரிவுப் பாதையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவன், ஒரே ஒரு எட்டு பின்னால் வைத்திருக்கிறான். பாதை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே அறுபது அடி. தீயணைப்பு வீரர்கள் மறுநாள் மத்தியானம்தான் எடுத்தார்கள். நீச்சல் தெரிந்த பையன் என்று அவன் அப்பா சொன்னார். கிணற்றிலும் குழியிலும் நீச்சல் தெரிந்தவர்களும் சாகிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கீழே போகப் போகக் குளிர்ச்சி கூடும். உடம்பு திடுக்கிட்டு மூச்சை உள்ளே இழுத்தால் தண்ணீரும் கூடப் போய்விடும். ஏறிப் பிடிக்க வழுவழுவென்று வெட்டின பாறைச் சுவர், ஒரு வேர்கூட இல்லை.

மூன்றாவதாகக் குப்பை. டவுன்பக்கமிருந்து மூடின டிப்பர்கள் விடியற்காலையில் இட்டேரி (இரண்டு வேலிக்கு நடுவிலான வண்டிப்பாதை) வழியாக வந்து கொட்டிவிட்டுப் போகத் தொடங்கின. பாலிதீன், துணிக்கழிவு, கோழிக்கழிவு. ஒரு லோடுக்கு இவ்வளவு என்று ஆத்தாவின் பங்காளி ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் மாதம் கிழக்கே இருக்கும் ஒரு தோட்டத்துக் கிணற்றில் வாடை வந்தது. கெட்டிப்பாறையில் தண்ணீர் மண்ணில் ஊறுவது மாதிரி வடிகட்டிப் போகாது. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அப்படியே போய்விடும். குழியில் விழுந்தது அடுத்த வாரம் யாருடைய கிணற்றில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அளந்ததும் சோதித்ததும்

என்னைக் கூப்பிட்டது இந்தக் கட்டத்தில். லாரி டியூப் நாலைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, கயிற்று முனையில் எடைக்கல் ஒன்றைக் கட்டி, பத்தடிக்கு ஒரு இடமாக இறக்கினோம். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. நான் கயிறு விட, இரண்டு பேர் துடுப்புப் போட, கரையில் ஒருவர் எண்ணை எழுதினார். வடகிழக்கு மூலையில் 92 முடிச்சு இறங்கியது. அன்றைய நீர்ப்பரப்பு கிட்டத்தட்ட 3 ஏக்கர், சராசரி ஆழம் 60 அடி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 22 கோடி லிட்டர். வருடத்துக்கு ஒன்றரை மீட்டர் வெயிலில் ஆவியாகும் என்று வைத்தாலும் 1.8 கோடி லிட்டர்தான் போகும். இதே தண்ணீர் ஒரு மீட்டர் ஆழக் குளத்தில் நின்றால் சித்திரைக்குள் மொத்தமும் காலி. ஆழமும் குறுகின வாயும்தான் இந்தக் குழியின் பலம், ஆளைக் கொல்வதும் அதேதான்.

தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்ததில் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,300 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.9. குடிதண்ணீருக்கு ஃபுளோரைடு 1.5க்கு மேல் போகக் கூடாது. ஆகக் குடிக்க ஆகாது, தென்னைக்கு ஆகும். பஞ்சாயத்தில் சிலர் குடிநீருக்கு எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தது அத்தோடு நின்றது.

கரிக்கார மாமா சொன்னது

ஊரில் ஒருவர் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்று வந்திருந்தார். எல்லோருக்கும் கரிக்கார மாமா. இந்தக் கதையில் அவர் இல்லையென்றால் நாங்கள் பெரிய தப்புச் செய்திருப்போம்.

கூட்டத்தில் முதலில் எல்லோரும் கேட்டது, நெய்வேலியில் குழியை மூடி மரம் வைக்கிறார்களே, இங்கேயும் அப்படிச் செய்யக் கூடாதா என்பதுதான். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அங்க ஒரு டன் கரிக்கு அஞ்சாறு பங்கு மேல்மண்ணை வாரணும் கண்ணு. கரி எடுத்து முன்னால போகப் போக, வாரின மண்ணை பின்னால கொட்டி நிரவிக்கிட்டே போவாங்க. நிரப்பறதுக்கு மண்ணு அங்கயே கெடக்குது. இங்க எடுத்த கல்லு பூராவும் ரோடாவும் வீடாவும் போயிருச்சு. எதைக் கொண்டாந்து நிரப்புவ? நிரப்பணும்னு ஆசைப்பட்டா குப்பைதான் வந்து நிக்கும்."

மூடின கரிச்சுரங்கங்களை வேறு ஊர்களில் என்ன செய்தார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்துச் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986இல் நின்றது, இன்று அது அருங்காட்சியகம், 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் ஏறியது. நமக்குக் கொஞ்சம் பக்கம் சத்தீஸ்கர், சூரஜ்பூர் மாவட்டத்துக் கேனாபாரா. கைவிட்ட கரிக்குழியில் நின்ற தண்ணீரில் படகு விட்டிருக்கிறார்கள், கூண்டில் மீன் வளர்க்கிறார்கள். இதைக் கேட்டதும் இளவட்டங்களுக்குப் படகு ஆசை வந்துவிட்டது. அதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. ஜெர்மனியில் நாக்டர்ஸ்டெட் என்ற ஊரில் பழைய நிலக்கரிக் குழியை ஏரியாக்கிக்கொண்டிருந்தபோது, 2009 ஜூலையில் ஒரு விடிகாலை கரை சரிந்து, கரையோர வீடுகள் ஏரிக்குள் போய் மூன்று பேர் செத்தார்கள். நமது பாறை அந்த மண் மாதிரிச் சரியாது என்பது உண்மைதான். ஆனால் வெடி வைத்து அசைந்த மேல்கல் எப்போது உருளும் என்று தெரியாது. "வெளிம்பைச் சரி பண்ணாம உள்ளே எதையும் பண்ணாதீங்க" என்பதை அவர் கூட்டம் முடியும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்.

காசு விஷயம் இன்னொன்று. நிலக்கரிச் சுரங்கம் ஓடும்போதே, மூடுவதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் வருடா வருடம் போட்டு வைக்க வேண்டும். 2013இல் நிலக்கரி அமைச்சகம் திருத்தின வழிகாட்டுதலில் 2009 விலைமட்டத்துக்குத் திறந்தவெளிச் சுரங்கம் என்றால் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று இருந்தது. எங்கள் குழிக்கு அந்த மாதிரி ஒரு பைசாகூட யாரிடமும் இல்லை. ஊர் கையிலிருந்து போட வேண்டியதாயிற்று, அதனால்தான் எல்லாவற்றையும் சின்ன அளவில் செய்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

குப்பை கூடாது என்பது கிராம சபைத் தீர்மானமாகவே போனது. ஆத்தாவின் பங்காளி எதிர்த்தார், லோடு காசு போய்விடும் என்று. கூட்டத்தில் ஆத்தாவே எழுந்து, "எங் காட்டுல கொட்டினது அடுத்தவங் கெணத்துல நாறுச்சுன்னா நான் எப்புடி அவங்க மூஞ்சில முழிக்கறது" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஆனால் அவருக்கு வருமானம் ஒன்று வேண்டும் என்பது நியாயம்தானே. தண்ணீர் எடுக்கும் தோட்டங்களும் மீன் வளர்ப்பவர்களும் அவருக்கு வருடக் குத்தகை கொடுப்பது என்று எழுதிக்கொண்டோம்.

படகு வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வந்தால் காவலுக்கு ஆள் நம்மிடம் இல்லை, அது ஒன்றே போதுமான காரணம்.

தண்ணீர், சுற்றியுள்ள 11 தோட்டத்துத் தென்னைக்கு, கோடையில் மட்டும். 1,500 மரத்துக்கு நாளுக்கு 60 லிட்டர் வீதம் நூறு நாள் சொட்டுநீரில் விட்டால் 90 லட்சம் லிட்டர். அதற்குக் குழி மட்டம் இரண்டரை அடிதான் இறங்கும். இருந்தாலும் பாறைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டோம். தண்ணீர் கோட்டைத் தொட்டால் மோட்டார் நிற்க வேண்டும், யார் வீட்டு மரமாக இருந்தாலும் சரி.

மீன், ஐந்து பெண்கள் சேர்ந்த மகளிர் குழுவுக்கு. சும்மா குஞ்சை அவிழ்த்து விட்டால் 90 அடி ஆழத்தில் எந்த வலை போட்டும் பிடிக்க முடியாது, பாறையில் மாட்டி வலை கிழியும். ஆகவே மிதக்கும் கூண்டு நாலு. அதில் திலேபியா மீன் வளர்க்க மீன்வளத் துறை அனுமதி வேண்டும், அதை வாங்க நாலு மாதம் அலைந்தோம்.

வேலிக்குக் கம்பி வாங்கக் காசு பத்தவில்லை. குவாரிக்காரர்கள் விட்டுப்போன உதவாக் கற்கள் மலை மாதிரிக் கிடந்தன. ஹிட்டாச்சி ஒன்றை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து, அந்தக் கற்களைக் குழியின் விளிம்பிலிருந்து இருபதடி தள்ளி ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதற்கு வெளியே மழைக்கு முந்திக் கிளுவைக் குச்சி ஊன்றினோம். சரிவுப் பாதையில் இரும்புக் கேட், சாவி இரண்டு பேரிடம்.

பிறகு நடந்தது

கிளுவை முதல் வருடம் பாதிதான் பிடித்தது, ஆடு மேய்ந்துவிட்டது. மறுபடி ஊன்றினோம். குப்பை டிப்பர் இரண்டு தடவை திரும்ப வந்தது, கேட் இல்லாத தெற்கு மூலையில் கல்வரிசையை இடித்துக் கொட்டிவிட்டுப் போனது. இட்டேரியின் வாயில் டிராக்டர் மட்டும் நுழையும் அகலத்துக்கு இரண்டு பெரிய கல்லை நட்ட பிறகுதான் நின்றது.

முதல் மீன் 2020 ஊரடங்கில் எடைக்கு வந்தது. சந்தை இல்லை, பஸ் இல்லை. பயந்துபோய்க் கிடந்தோம். ஆனால் கறிக்கடையும் மூடிக் கிடந்ததால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வண்டி எடுத்துக்கொண்டு குழியின் கேட் வாசலுக்கே வந்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் நாலு கூண்டும் காலி. குழுவில் ஒரு அக்கா அந்தக் காசில் அடகு நகையைத் திருப்பினார். எங்களுக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

அதன் பலனை 2021 நவம்பரில் பார்த்தோம். அந்த வருடம் மழை தெரியும்தானே, நாலு நாள் விடாமல் பெய்தது, வெயிலே இல்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை தீவனம் போடப் போன அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தால் தண்ணீர் எப்போதும் இருக்கும் பச்சை மாறி, சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தது. அழுகின முட்டை வாடை. மூன்று கூண்டில் மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தன. நாலாவதில் உயிரோடு இருந்தவை மேலே வந்து காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அரைக் கிலோவுக்கு வந்த மீன்கள், தீபாவளிக்குப் பிறகு பிடிக்கலாம் என்று வைத்திருந்தது.

காரணத்தை மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் வந்து விளக்கினார். ஆழமான குழியில் மேல்தண்ணீர் சூடு, அடித்தண்ணீர் குளிர்ச்சி, இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். அடியில் பிராணவாயு இருக்காது, அங்கே மீனின் எச்சமும் தின்னாத தீவனமும் பழைய கோழிக்கழிவும் அழுகிக்கொண்டிருக்கும். குளிர்ந்த மழைத்தண்ணீர் மேலே விழுந்து கனத்து இறங்கும்போது அடித்தண்ணீர் மேலே புரண்டுவிடும். வெயில் இல்லாததால் பாசியும் பிராணவாயு தராது. ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். பையனை இழுத்த அதே சூடு-குளிர் அடுக்குதான் மீனையும் கொன்றது. நான் கயிறு விட்டு அளந்தபோது முப்பதாவது முடிச்சுக்குக் கீழே இறங்கின கயிறு சில்லென்று வந்ததைக் கையில் உணர்ந்திருக்கிறேன். ஆனால் அதை எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த ஐந்து பெண்களிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

கடன் பாக்கி இருந்தது. இரண்டு பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். மீதி மூன்று பேர் மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா என்ற மீன்வளத் திட்டத்தில், பெண்களுக்கு 60 சதவீத மானியம் என்பதால், விண்ணப்பித்து மறுபடி இரண்டு கூண்டு போட்டார்கள். இப்போது தை மாதம் குஞ்சு விட்டு ஆவணிக்குள் பிடித்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூண்டு காலியாகவே இருக்கும்.

தென்னை விஷயத்தில் இதுவரை சண்டை இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கோடையில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு அரையடி மேலே நின்றபோது இரண்டு தோட்டக்காரர்களுக்குள் கைகலப்பு வரை போனது, கரிக்கார மாமா போய் மோட்டார் ஸ்டார்ட்டரின் பியூஸைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் மரம் எதுவும் காயவில்லை. அந்தப் பையனுக்குப் பிறகு குழியில் யாரும் சாகவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

வேலிக்கு முன்னால் கூட்டம் போட்டு எட்டு மாதம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த எட்டு மாதமும் குழி திறந்தே கிடந்தது. இன்று யாராவது கேட்டால், பேச்சு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரமே கல்லை அடுக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் மட்டும் வைத்தோம். செத்தது தமிழ் படிக்கத் தெரியாத வீட்டுப் பையன். மூன்று வருடம் கழித்துத்தான், அதுவும் நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டதனால், இந்தியிலும் ஒடியாவிலும் எழுதினோம்.

தண்ணீரின் சூட்டை ஆழம் ஆழமாக அளந்து எழுத வேண்டும். பாட்டிலில் வெப்பமானியைக் கட்டி இறக்கினாலே போதும், பெரிய கருவி வேண்டாம். அடியில் கிடக்கும் பழைய குப்பையை எடுக்காமலே மீன் விட்டதும் தப்பு. கரையோரம் கிடந்ததை மட்டும் வாரினோம், ஆழத்தில் போனதை எடுக்க இன்னும் வழி தெரியவில்லை. கிழக்குத் தோட்டத்துக் கிணற்றை வருடம் இரண்டு முறை சோதிக்கிறோம்.

எங்களுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குவாரி ஓடிக்கொண்டிருக்கிறது. குத்தகை முடிய இன்னும் சில வருடம் இருக்கிறது. கல் எடுக்கும்போதே ஒரு பக்கச் சுவரையாவது படியாக விட்டுவரச் சொல்லியும், வேலிக்கான பணத்தை இப்போதே ஒதுக்கச் சொல்லியும் போன கிராம சபையில் மனு கொடுத்தோம். கரிக்கார மாமாதான் எழுதினார், ஆத்தா முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. மாதம் ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.